கழுவிய சாம்பல்

எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி, கிராமக் கணக்கில் வண்டிப்பாதைப் புறம்போக்கு. தரையில் அது வெறும் வரப்பு. இரண்டு பக்கமும் வயல், பாதி தூரத்தில் ஒரு வாய்க்கால். கோடையில் செத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ செத்தால், நட்ட வயலில் இறங்கித்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிரதான தெருக்காரர்களின் சுடுகாட்டுக்குத் தார் ரோடு இருக்கிறது. விளக்குக் கம்பம்கூட இருக்கிறது.

என் கணவர் ஐப்பசியில் இறந்தார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே ஒரு தண்ணீர் டேங்க் இருக்கிறது. அதற்குக் கீழே, மழையில், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். முன்னால் தோள் கொடுத்திருந்தவர் என் கணவரின் அண்ணன். வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் அவருடைய கால் சேற்றில் முழங்கால்வரை இறங்கியது. பாடை சாய்ந்தது. அதிலிருந்து என் கணவரின் கை வெளியே வந்து தொங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து, அந்த மழையில், நீ அதைப் பார்த்திருக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தேன். இப்போதும் மழை பிடித்தால் என் கை தானாகப் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்கிறது. நாற்காலியோ, கதவோ, எதுவோ.

மகள் அப்போது சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில வருடங்கள் கழித்து, ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்: "அம்மா, நம்ம சுடுகாட்டுப் பாதைக்குக் கல்லு போடப் போறேன். ஊராட்சியில பேசிட்டேன். கல்லு எங்க புராஜெக்ட்லேருந்து வரும்."

"என்ன கல்லு?"

"பேவர் பிளாக்தான். சிமெண்ட்ல அஞ்சு பங்குல ஒரு பங்கு குறைச்சுட்டு, அதுக்குப் பதிலா சாம்பல்."

"உமிச் சாம்பலா?"

"இல்லம்மா. குப்பைச் சாம்பல்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ரத்தமும் சளியும் பார்க்கிற வேலை. நாங்கள் மஞ்சள் பையில் கட்டிக் கொடுப்பதெல்லாம் எங்கோ போய் எரிகிறது என்பது எனக்குத் தெரியும்.

"எங்க மஞ்சப் பையுமா அதுல வருது?"

"ஆஸ்பத்திரிக் குப்பை தனிம்மா. அத நாங்க தொடவே மாட்டோம். இது டவுன் குப்பை. ஒரு ஆலையில அத எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்க. மிஞ்சுற சாம்பலக் கொட்டறதுக்கு அவங்களுக்கு எடம் இல்ல. நமக்குப் பாதை இல்ல."

"அதுக்காக நம்ம தலையில கொட்டறதா?"

"காலுக்குக் கீழம்மா," என்றாள்.

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. அதனால் நேரில் பார்க்கப் போனேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில், ஓடாமல் கிடந்த ஓர் அரிசி ஆலையின் கொட்டகையில் வேலை நடந்துகொண்டிருந்தது. வந்து இறங்கும் சாம்பலைச் சலித்து, காந்தத்தை விட்டு இரும்பை எடுக்கிறார்கள். பிறகு தொட்டியில் போட்டு அலசுகிறார்கள். தண்ணீரில் உப்பு அற்றுப் போகும்வரை மாற்றி மாற்றி அலசல். அந்தத் தண்ணீரை வெளியே விடுவதில்லை. தனித் தொட்டியில் பிடித்து வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். அதன்பின் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். குப்பையோடு எரிந்த அலுமினியத் துணுக்குகள் அதில் குமிழி விட்டுக் கரைகின்றன. கடைசியில் காயவைத்து, சிமெண்ட் மாதிரி மாவாக அரைக்கிறார்கள். வார்த்த கல்லைத் தண்ணீரில் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரில் ஈயம் இறங்குகிறதா, வேறு எதுவும் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சோதனைத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் மகள் கையெழுத்துப் போட்டிருந்த தாளை இரண்டாவது முறை பார்த்தேன். எங்கள் லேபில் அப்படித்தான் பழக்கம். முடிவு கைக்கு வருகிறவரை எதையும் நம்பக் கூடாது. வந்த பிறகும் கொஞ்சம் சந்தேகம் வைத்திருக்க வேண்டும்.

டேங்குக்குக் கீழே தெருவைக் கூட்டி அவள் விளக்கம் சொன்னாள். இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் கழுவிய சாம்பல் சேர்த்த சிமெண்ட் குழம்பு, மற்றொன்றில் கழுவாதது சேர்த்தது. முதல் பாட்டில் சும்மா இருந்தது. இரண்டாவது கொஞ்ச நேரத்தில் இட்லி மாவு மாதிரி பொங்கி, வாய் வழியாக வழிந்தது.

"இதனாலதான் கழுவுறோம். கழுவாமப் போட்டா கல்லு உள்ளயே பொங்கி வெடிச்சுரும்," என்றாள்.

பக்கத்து வீட்டு வாசலில் குந்தியிருந்த கொத்தனார் ஒருவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தாயி, சாம்பலாப் போறவனுக்குச் சாம்பல்லயே ரோடா? பொருத்தமாத்தான் புடிச்சிருக்க."

"அவசரப்பட்டுக் கெளம்பிடாதீங்க சித்தப்பா. கல்லு இன்னும் காயல," என்றாள் இவள்.

தெரு முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவன் ஒருவன்தான். எங்கள் தெருவின் முதல் வக்கீல். கும்பகோணம் கோர்ட்டுக்குப் போய் வருகிறவன், என் மகளைவிட ஓரிரண்டு வயது மூத்தவன்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. டவுன் குப்பை, ஆலைச் சாம்பல், சோதனைக் கல்லு. இதெல்லாம் நம்ம தெருவுலதான் போட்டுப் பாக்கணுமா? மெயின் தெருவுல போட்டுப் பாத்தா என்ன?"

என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வியைத்தான் அவன் கேட்டிருந்தான். அதனாலேயே அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

மகள் பதில் சொல்வதற்குள் என் கணவரின் அண்ணன் எழுந்துவிட்டார். எங்கள் வீட்டில் அவரைப் பெரியவர் என்போம். "மெயின் தெருவுல எவனும் பாடையோட வயல்ல விழல. நான் விழுந்தேன். என் தம்பியோட விழுந்தேன். சாம்பலோ சாணியோ, காலு ஊன எடம் வேணும். போடு பாப்பா," என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சாமான் வைக்கத் தன் மாட்டுக்கொட்டகையையும் அவரே ஒழித்துக் கொடுத்தார். பாட்டில் சோதனைக்குக் கொண்டுவந்த சாம்பலில் மிஞ்சியதும் அங்கேதான் போனது, கழுவியது ஒரு சாக்கில், கழுவாதது ஒரு பழைய யூரியா சாக்கில்.

நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் வரப்பை அகலப்படுத்தி மண் அடித்தார்கள். மகள் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுடுகாடுவரை போய் வந்தாள். "வயசுப் புள்ள, அங்கெல்லாம் போகுது" என்று என் காதில் படும்படி இரண்டு வீடுகளில் பேசினார்கள். அந்த வீடுகளிலிருந்து யாரோ காய்ச்சல் என்று என்னிடம் ரத்தம் கொடுக்க வந்தபோதும் எனக்கு முகம் கொடுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் நான் டேங்கைத் தாண்டவில்லை. அங்கிருந்தபடியே பார்ப்பேன். கற்கள் ஒவ்வொரு வரிசையாக வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

ஆவணியில் சம்பாவுக்கு நாற்று விட்டார்கள். பெரியவரின் நாற்றங்கால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், பாதையை ஒட்டி இருந்தது. கற்கள் அதைத் தாண்டியிருந்த நேரத்தில் ஒரு மழை பெய்தது. இரண்டு நாளில் நாற்று கருகியது. மஞ்சளாகி, நுனி சுருண்டு, திட்டுத் திட்டாகப் படுத்துவிட்டது.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. காலையில் பால் வாங்கப் போனபோது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கல்லில் இருந்த விஷம் மழையில் இறங்கி நாற்றைக் கொன்றுவிட்டது. நாளைக்கு வாய்க்காலில் இறங்கும். அப்புறம் மாடு, அப்புறம் பிள்ளைகள். வீட்டுக்கு வந்து மகளுக்கு போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தாள்.

"இருக்காதும்மா," என்றாள். "டெஸ்ட் எல்லாம் பாத்தீங்கல்ல."

"நாத்து செத்துக் கெடக்குடி."

"நான் வந்துர்றேன். யாரையும் கல்லப் பேக்க வேணாம்னு சொல்லுங்க."

போனை வைக்கும்போதே கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஓடினேன். பெரியவர் கையில் கடப்பாரையோடு பாதையில் இருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். தெருமுனையில் கல்லின் முதல் வரிசையில் இரண்டைப் பெயர்த்து வயலில் எறிந்திருந்தார்கள். அவர் அங்கே நிற்காமல் நாற்றங்காலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

டேங்குக்குக் கீழே ஒரு நிமிடம் நின்றேன். வழக்கமாக என் கால்கள் நிற்கிற இடம். என்ன யோசித்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. கல் நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் மகள் வந்து பார்ப்பதற்குள், ஒரு சோதனையும் செய்வதற்குள், எல்லாம் பெயர்த்து எறியப்பட்டுவிடும் என்பது மட்டும் தெரிந்தது. பாதை போய்விடும். அவள் மறுபடியும் கேட்கமாட்டாள். கேட்டாலும் யாரும் தரமாட்டார்கள். ஐப்பசி வரும்.

நான் டேங்கைத் தாண்டி நடந்தேன். பின்னால் ஒரு பெண் குரல், "அக்கா, அங்க எங்க போறீங்க?" என்றது. திரும்பவில்லை. பெரியவரை முந்திக்கொண்டு போய், அவர் கடப்பாரையை ஊன்றப் போன இடத்தில் கல்மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரிம்மா," என்றார்.

"மாட்டேன் மாமா."

"பொம்பள வர்ற எடமா இது?"

"இல்லதான். வந்துட்டேன்."

"எம் புள்ள மாதிரி வளத்த நாத்து. அங்க பாரு. பாத்துட்டுச் சொல்லு."

பார்த்தேன். அந்த நாற்றங்காலை நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. தரையோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. என் காலுக்குப் பக்கத்தில், கல்லை ஒட்டியிருந்த நாற்று பச்சையாக இருந்தது. பாதையிலிருந்து வடிந்த தண்ணீர் முதலில் தொடுகிற வரிசை அது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கருகல் எதிர் வரப்பில் தொடங்கி, ஒரு ஆள் கை வீசி இறைத்தால் எவ்வளவு தூரம் விழுமோ அவ்வளவு தூரம் வந்து நின்றிருந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை. விசிறி விசிறியாக. யூரியா தெளித்த வயலில் அந்த விசிறியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"மாமா, நாத்துக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"எதுவுமே?"

"சாம்பல் தூவுனேன். நாத்து பறிக்கிறப்ப வேரு அறுபடாம வரும்னு எப்பவும் தூவுறதுதான்."

"எந்தச் சாம்பல்?"

அவர் முகத்தில் துளிக் குழப்பம்கூட இல்லை. "பாப்பா கொண்டாந்து வச்சதுதான். கொட்டகையில ரெண்டு சாக்கு இருந்துச்சு. கழுவுனது ஒண்ணு, கழுவாதது ஒண்ணு. கழுவுனா சத்தெல்லாம் போயிருமே. கழுவாததுலேருந்து எடுத்துத் தூவுனேன்."

பின்னால் நின்றவர்களில் யாரோ "அடப்பாவி மனுசா" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரித்தவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்றைப் பார்த்தார்.

"சாம்பல் எப்புடிம்மா பயிரக் கொல்லும்? காலங்காலமாப் போடுறோம்ல?" அவர் என்னைக் கேட்கவில்லை. நாற்றைக் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. சாம்பலைத் தூவியதை மறைக்கவுமில்லை. அதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவர் நினைக்கவில்லை. அடுப்புச் சாம்பல், உமிச் சாம்பல், வைக்கோல் சாம்பல் என்று மண்ணில் விளைந்தது எரிந்த சாம்பலோடு மட்டுமே வாழ்ந்தவர் அவர். பிளாஸ்டிக்கும் பெயிண்டும் பேட்டரியும் எரிந்த சாம்பல், உப்பும் சுண்ணாம்பு போன்ற காரமுமாக இருக்கும் என்பது அவர் கணக்கில் வராது. எங்கள் ஊரில் எந்த விவசாயியும் அதைத்தான் செய்திருப்பார்.

கடப்பாரை அவர் கையில் சாய்ந்து நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடியும் உட்காரத் தைரியம் வருமா என்று தெரியவில்லை.

மகள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வக்கீலும் வந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்றங்காலில் இறங்கினாள். குனிந்து, கருகிய நாற்றின் அடியிலிருந்து சாம்பல் துகளை விரலில் எடுத்துப் பார்த்தாள். எழுந்து பெரியப்பாவிடம் போனாள்.

"பெரியப்பா, தப்பு என்னுது. அந்தச் சாக்க நான் உங்க கொட்டகையில வச்சிருக்கவே கூடாது."

"நீ வேற எங்க வப்ப, போ," என்றார் அவர்.

வக்கீல் விடவில்லை. "சரி. கழுவாதது விஷம்னு நம்ம ஊருக்கே தெரிஞ்சு போச்சு. கழுவுனது விஷம் இல்லன்னு யாரு சொல்றது? நீதானே?"

"எங்க லேப்."

"உங்க லேப்னா நீதானே? நீயே பரீட்சை எழுதி நீயே மார்க்குப் போடுவியா?"

மகளின் முகம் சிவந்தது. அப்போதுதான் நான் எழுந்தேன். சேலையில் மண் ஒட்டியிருந்தது, தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

"அவன் கேக்கறது சரிதான்," என்றேன். மகள் என்னை அதிர்ச்சியோடு பார்த்தாள். "எங்க லேப்ல நான் பாத்த ரிசல்ட்டையே சந்தேகம்னா வெளிய அனுப்புவோம். இதையும் அனுப்பலாம். கல்லு ரெண்ட நீயே எடு தம்பி, அவ தொட வேணாம். பாதையில வடியிற தண்ணியையும் நீயே பிடி. வேற லேப்புக்கு நீயே அனுப்பு. சரியில்லன்னு வந்தா நான் முன்னால நின்னு பேத்துத் தர்றேன். சரின்னு வந்தா ஒருத்தரும் இதுல கடப்பாரை வைக்கக் கூடாது."

"சரின்னு வந்தா இன்னொண்ணும் செய்யணும்," என்றான் அவன். "இதே கல்லு, மெயின் தெருவுல ஊராட்சி ஆபீஸ் வாசல்ல போடணும்னு நான் மனு குடுப்பேன். அதுல உங்க மக கையெழுத்துப் போடணும்."

"போடறேன்," என்றாள் மகள். "முதல் கையெழுத்தே என்னுது."

வயலில் எறிந்த இரண்டு கற்களைத்தான் அவன் எடுத்துக்கொண்டான். கருகிய நாற்றங்காலில் மேல்மண்ணை வழித்து, மூட்டை கட்டி, மிஞ்சிய சாக்கோடு சேர்த்து, மகள் அரிசி ஆலைக் கொட்டகைக்கே திருப்பி அனுப்பினாள். அந்தத் துண்டு நிலத்தில் இந்த வருடம் எதுவும் நடவில்லை. பெரியவருக்குத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்று வந்தது. கொடுக்கும்போது எல்லோரும் ஒரே கேலியைச் சொன்னார்கள்: "கழுவித் தரட்டுமா, கழுவாமத் தரட்டுமா?" அவர் வாங்கிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினார்.

முடிவு வருகிறவரை நான் தூங்கிய தூக்கம் தூக்கமில்லை. என் பிள்ளை சொன்னது தவறாக இருந்தால், இந்தத் தெருவில் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதைவிட, இவ்வளவு நாள் நாங்கள் கால் வைத்தது எதன் மேல்? வக்கீல் தாளைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுத்தான். பயந்த எதுவும் அதில் இல்லை. நான் இரண்டாவது முறையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்கு அப்புறமும் ஒரு தடவை அனுப்பணும் தம்பி," என்றேன். அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

புரட்டாசி முடிவதற்குள் கற்கள் வாய்க்காலைத் தாண்டிச் சுடுகாட்டைத் தொட்டன. ஊராட்சி ஆபீஸ் வாசலுக்குக் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. "பரிசீலனையில் உள்ளது" என்கிறார்கள். எங்கள் காலுக்கு நல்லதென்றால் அவர்கள் காலுக்கு ஏன் பரிசீலனை என்று கேட்டு இரண்டாவது மனுவை நானே எழுதினேன். மூன்றாவதும் எழுதுவேன். இந்தக் கல்லை யாராவது இனி "சேரிக்குப் போட்ட குப்பை" என்று சொன்னால், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது: குப்பையைப் போட்டது ஊர். அதைக் கழுவிக் கல்லாக்கியது என் மகள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு பகல், வேலை முடிந்து வந்த நான் வீட்டுக்குப் போகவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, பையில் லேபிலிருந்து கழுவிக் கொண்டுவந்த வெறும் பாட்டிலோடு, டேங்கைத் தாண்டி நடந்தேன். வயல் இரண்டு பக்கமும் தண்ணீராக நின்றது. வாய்க்கால் வந்ததும் என் இடது கை குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அது அப்படித்தான். அந்த இடத்தில், கல்லின் ஓரமாகக் குந்தி, பாதையிலிருந்து வழிந்து இறங்கிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தேன்.

பெரியவர் மண்வெட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். மடை திறந்துவிட வந்திருப்பார்.

"இன்னும் நம்பலையாம்மா?"

"நம்பறேன் மாமா. பாத்தும் வைக்கறேன்."

அவர் கல்லின் மேல் ஏறி நின்று, காலை உரசிச் சேற்றைத் துடைத்தார். நான் பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல் முன்னால் நடந்தேன்.

"அந்தாண்ட எங்க போற? சுடுகாடும்மா."

"தெரியும். அவர எரிச்ச எடம் எதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. வந்து காட்டுங்க."

பிறகு எனக்குப் பின்னால், கல்லின் மேல், அவர் நடந்து வரும் சத்தம் கேட்டது.